நேரே போனால் விடுகிறது, பிஜிபவுன்சர் வழியாகப் போனால் மறுக்கிறது

கேள்வி:
வணக்கம். ஒரு பள்ளியின் கட்டண மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை இரவு அதன் தரவுத்தள சர்வரான போஸ்ட்கிரெஸை 13-லிருந்து 16-க்கு மாற்றினேன், எல்லாம் ஓடியது. ஞாயிறன்று 'கட்டணம்' பயனரின் கடவுச்சொல்லை மாற்றி, வழக்கம்போல் புதியதற்கு எம்டி5 (கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் பழைய முறை) கணக்கிட்டு, மென்பொருளுக்கும் சர்வருக்கும் நடுவில் இணைப்புகளைக் கையாளும் பிஜிபவுன்சரின் யூசர்லிஸ்ட் (பயனர், கடவுச்சொல் பட்டியல்) கோப்பிலும் போட்டேன். இப்போது 5432 போர்ட்டில் நேரே சர்வருக்குப் போனால் உள்ளே விடுகிறது. 6432-இல் பவுன்சர் வழியாகப் போனால் 'சர்வர் லாகின் ஃபெயில்டு: ராங் பாஸ்வேர்டு டைப்' (கடவுச்சொல் வகை தவறு) என்கிறது. 'அறிக்கை' பயனருக்கு மட்டும் சிக்கலே இல்லை. காலையிலிருந்து கவுன்டரில் பெற்றோருக்குக் கையால் ரசீது எழுதிக்கொடுக்கிறோம். யாராவது உதவுங்கள்.

பதில் 1:
பாஸ்வேர்டு என்கிரிப்ஷன் அமைப்பை எம்டி5 ஆக்கிவிட்டு, கடவுச்சொல்லை மறுபடி போடுங்கள். சரியாகிவிடும்.

பதில் 2:
அது வேண்டாம் தம்பி. போஸ்ட்கிரெஸ் 18 எம்டி5-ஐக் கைவிடப்போவதாக அறிவித்து எச்சரிக்கையே காட்டுகிறது.

இங்கே இரண்டு வாசல் உண்டு. முதல் வாசலில் பவுன்சர் உங்களைச் சோதிக்கிறது, அதைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டாவதில் பவுன்சர் உங்கள் பெயரில் சர்வருக்குள் போக வேண்டும். அங்கேதான் தடை. பதிப்பு 14 முதல் அமைப்பை மாற்றாவிட்டால், புதிதாகப் போடும் கடவுச்சொல் ஸ்க்ரேம் என்ற புதிய முறையில்தான் சேமிக்கப்படும். பவுன்சர் கையில் இருப்பதோ எம்டி5. அதை வைத்து ஸ்க்ரேம் கேட்கும் சர்வருக்குப் பதில் சொல்ல முடியாது. 'அறிக்கை'யின் கடவுச்சொல்லை நீங்கள் தொடவில்லை, அது பழைய எம்டி5 ஆகவே இருக்கிறது. அதனால்தான் தப்பித்தது.

சர்வர் கடவுச்சொற்களைக் காட்டும் பிஜி_ஷேடோ பட்டியலில் 'கட்டணம்' பயனருக்கு 'ஸ்க்ரேம்-ஷா-256$4096:' என்று தொடங்கும் நீளமான சரம் இருக்கும். அதை ஓர் எழுத்து விடாமல் யூசர்லிஸ்டில் ஒட்டுங்கள். அதே கடவுச்சொல்தானே என்று நீங்களாகப் புதிதாக ஒன்று உருவாக்காதீர்கள்; ஒவ்வொரு முறையும் சால்ட் (கூடச் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) மாறும், சர்வர் ஏற்காது. அப்புறம் பவுன்சர் கன்சோலில் ரீலோடு கொடுங்கள். பவுன்சர் 1.14-க்கு முந்தையது என்றால் இது நடக்காது.

கேட்டவர்:
அண்ணா, மென்பொருள் உள்ளே போய்விட்டது! ரசீது அச்சாகிறது. ஆனால் இரவில் பாக்கிப் பட்டியல் எடுக்கும் வேலை மட்டும் இன்னும் விழுகிறது. அது தனிப் பயனராக வரும்; பவுன்சர் அமைப்பில் அதற்கென ஒரு தரவுத்தள வரி, அதில் 'யூசர்=கட்டணம்' என்று இருக்கிறது.

பதில் 2:
அந்த யூசர்= தான் காரணம். ஸ்க்ரேமில் பவுன்சர் சேமித்து வைத்திருக்கும் சரம் மட்டும் போதாது. 'கட்டணம்' பயனரே உள்நுழையும்போது தரும் சான்றிலிருந்துதான் பவுன்சருக்குச் சாவி கிடைக்கிறது, அதை வைத்துத்தான் சர்வரைத் திறக்கிறது. வேறொருவர் வந்து நின்றால் அந்தச் சாவி ஏது? ஒன்று, யூசர்= பகுதியை எடுத்துவிட்டு வேலையை 'கட்டணம்' பெயரிலேயே நுழைய விடுங்கள். இல்லாவிட்டால் யூசர்லிஸ்டில் வெறும் கடவுச்சொல்லையே வைக்க வேண்டும்; அப்படியானால் கோப்பு அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத), உரிமையாளர் பவுன்சர் ஓடும் கணக்கு. நான் முதலாவதைத்தான் செய்வேன்.

கேட்டவர்:
யூசர்= எடுத்துவிட்டேன். கையால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், பட்டியல் வந்துவிட்டது. 'அறிக்கை'யையும் இன்றே ஸ்க்ரேமுக்கு மாற்றிவிடுகிறேன். ரொம்ப நன்றி அண்ணா.