பிஸ்கட் டப்பாவில் இருந்த ரசீதுகள்: அமெரிக்க நடுத்தர வர்க்கத்தைக் கதையிலும் நேரிலும் பார்த்த அனுபவங்கள்

பென்சில்வேனியாவில், ரெடிங் நகருக்குப் பக்கத்தில் பதினொரு ஆண்டுகள் குடியிருந்தேன். எழுத்தாளர் ஜான் அப்டைக் பிறந்து வளர்ந்த பகுதி அது. அவருடைய ‘ராபிட்’ நாவல்களில் வரும் புரூவர் நகரம் ரெடிங்கின் சாயலில் எழுதப்பட்டதுதான்.

அங்கே போவதற்கு முன்பே, கல்லூரி நாட்களில், அமெரிக்கப் புறநகர்க் கதைகளைக் கொஞ்சம் படித்திருந்தேன். என் மனத்தில் தங்கியவை மது விருந்தும் நீச்சல்குளமும் கள்ள உறவும் மணமுறிவும்தான். வசதி முற்றினால் மனிதருக்கு இப்படி அலுப்புத் தட்டிவிடும் போலிருக்கிறது என்று முடிவுகட்டி வைத்திருந்தேன். அந்த முடிவு எவ்வளவு தவறு என்பது ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தபோது புரிந்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் காலமானார். வெளிமாநிலத்திலிருந்து வந்த மகள் வீட்டுச் சாமான்களையெல்லாம் விற்பனைக்கு வைத்தார். வீட்டைக் காலி செய்யும்போது அங்கே இப்படிச் செய்வது வழக்கம். கரண்டி முதல் கட்டில் வரை விலைச்சீட்டு ஒட்டியிருக்கும்; அக்கம்பக்கத்தார் படுக்கையறை வரை நடந்து போய்ப் பார்ப்பார்கள். இறந்தவரின் சட்டைகளை யாரோ விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே போகவே கூச்சமாக இருந்தது. எதையாவது வாங்க வேண்டுமே என்று இரண்டு டாலர் கொடுத்து ஒரு பழைய டப்பாவை வாங்கி வந்தேன்.

திறந்து பார்த்தால் ரப்பர் பேண்டு போட்ட ரசீதுக் கட்டுகள். தொலைக்காட்சிக்கு, துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு, சோபாவுக்கு என்று மாதாமாதம் கட்டிய தவணைகள். ஒவ்வொரு ரசீதின் மூலையிலும் பென்சிலால் ஒரு டிக். ஒவ்வொரு கட்டிலும் கடைசி ரசீதில் மட்டும் அந்த டிக்கைச் சுற்றி ஒரு வட்டம். பென்சிலை அழுத்திப் போட்ட வட்டம்; தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் தெரிந்தது. உடனே கொண்டுபோய் மகளிடம் கொடுத்தேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்பா எங்களிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை” என்றார்.

அன்று இரவே ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தை மறுபடி எடுத்தேன். 1949இல் மேடையேறியது. முன்பு படித்தபோது தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான மோதலைத்தான் கவனித்தேன். இந்த முறை, விற்பனையாளன் வில்லியின் மனைவி லிண்டா மாதத் தவணைக் கணக்கு வாசிக்கும் இடத்தில் நின்றுவிட்டேன். ஃப்ரிட்ஜுக்கு 16 டாலர், சலவை இயந்திரத்துக்கு 9.60, வாக்குவம் கிளீனருக்கு 3.50. கடன் அடைந்து பொருள் நமக்குச் சொந்தமாகும் நேரத்தில் அது பழுதாகிவிடுகிறதே என்று வில்லி புலம்புகிறான். வீட்டுக்கடன் 25 ஆண்டுகள் ஓடுகிறது. கடைசித் தவணையைக் கட்டிய நாளில் அவனைப் புதைத்துவிட்டு, வீடு நமக்கே நமக்கு என்று கல்லறையிடம் சொல்கிறாள் லிண்டா. அந்த நாடகத்தில் இதைவிடக் கொடிய இடம் இல்லை.

ஜான் சீவரின் ‘தி ஸ்விம்மர்’ கதையையும் நான் தவறாகத்தான் படித்திருக்கிறேன். 1964இல் வந்த கதை. எட்டு மைல் தொலைவிலுள்ள தன் வீட்டுக்கு, வழியிலுள்ள நீச்சல்குளங்களில் நீந்தியே போய்ச் சேர நினைக்கிறான் நெடி மெரில் என்பவன். அந்தக் குளங்களின் அழகில் நான் மயங்கிவிட்டேன். நடுவில் ஒரு விருந்தில், ஒரு பெண்மணி அவன் காதில் விழும்படி பேசுவது அப்போது என் கண்ணில் படவே இல்லை: ஒரே இரவில் எல்லாம் போய்விட்டது, சம்பளத்தைத் தவிர அவர்களிடம் வேறெதுவும் இல்லை, குடித்துவிட்டு வந்து ஐயாயிரம் டாலர் கடன் கேட்டான் என்கிறாள். கதையின் அச்சாணி அதுதான். சம்பளம் நின்றால் குளமும் இல்லை, வீடும் இல்லை. அவன் போய்ச் சேரும் வீடு பூட்டிக் கிடக்கிறது, உள்ளே ஆளில்லை.

அப்டைக்குக்கும் இந்தக் கணக்கு தெரியும். 1981இல் வந்த ‘ராபிட் இஸ் ரிச்’ நாவலில், பெட்ரோலுக்கு வரிசை நின்ற 1979ஆம் ஆண்டில், கதாநாயகன் ராபிட், தன் மனைவியின் குடும்பத்துக்குச் சொந்தமான டொயோட்டா விற்பனை நிலையத்தில் கார் விற்கிறான். கையில் காசு சேர்ந்தும் மனம் அமைதி கொள்வதில்லை. தங்க நாணயம் வாங்கிப் பதுக்குகிறான். ஆசையைவிட அச்சமே அவனை அப்படி ஆட்டுகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

கதையில் படித்ததை இப்படி நேரில் எதிர்கொண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டிலிருந்து ஒரு வாசகி:

அண்ணா, நீங்கள் சொன்ன கதைகளில் வீட்டை இழந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறது. வீட்டை வாங்கவே விடாமல் தடுக்கப்பட்டவர்களும் அதே ஊர்களின் கதையில் உண்டு. நாங்கள் வீடு வாங்கியபோது வழக்கறிஞர் பழைய பத்திரங்களின் நகல்களையும் சேர்த்துக் கொடுத்தார். 1930களில் எழுதிய ஒன்றில், வெள்ளையர் தவிர வேறு எவரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று ஒரு நிபந்தனை. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, கவலை வேண்டாம் என்றார். என் கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளின்படி நான் இந்தச் சமையலறையில் நிற்கலாம், சம்பளத்துக்குப் பாத்திரம் கழுவுபவளாக மட்டும்.

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகத்தை அதன் பிறகுதான் படித்தேன். 1959இல் வந்தது. சிகாகோவில் நெருக்கடியான வாடகை வீட்டில் வாழும் கறுப்பினக் குடும்பம். தந்தையின் காப்பீட்டுத் தொகை 10,000 டாலர் வருகிறது. தாய் வெள்ளையர் பகுதியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறார். அப்பகுதிவாசிகளின் சார்பில் ஒருவர் வருகிறார். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. மரியாதையாகப் பேசி, நீங்கள் வராமலிருக்கப் பணம் தருகிறோம் என்கிறார். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது. இது கற்பனையில் மட்டும் நடந்ததில்லை. ஹான்ஸ்பெரியின் தந்தை 1937இல் அப்படியொரு பகுதியில் வீடு வாங்கி, வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர். அப்போது மகளுக்கு ஏழு வயது.

நாடகத்தின் முடிவில் எல்லோரும் வெளியேறிய பிறகு, தாய் மட்டும் திரும்பி வந்து வாடிய செடித்தொட்டியை எடுத்துக்கொண்டு போகிறார். அந்தப் பக்கத்தை என்னால் வாய்விட்டுப் படிக்க முடிவதில்லை.

மிசௌரி மாநிலத்திலிருந்து இன்னொரு வாசகி:

நான் வீடுகளுக்குச் சென்று முதியோரைக் கவனிக்கும் செவிலி. அதிகம் படிப்பவள் இல்லை. ஜொனாதன் ஃப்ரான்சனின் ‘தி கரெக்‌ஷன்ஸ்’ நாவலை மட்டும் இரண்டு முறை படித்தேன். 2001இல் வந்தது. ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஆல்ஃபிரட், பார்க்கின்சன் நோய், அவர் ஆசையாக வாங்கிய பெரிய நீல நாற்காலி. புதிதாக அலங்கரித்த அறைக்கு அது பொருந்தவில்லை என்று மனைவி அதை நிலவறைக்கு அனுப்பிவிடுகிறார். கடைசியாக ஒரு கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் எல்லோரும் வர வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஏக்கம்.

அதே நோயுள்ள ஒருவர் வீட்டுக்கு வாரம் இருமுறை போய்வந்தேன். ஒட்ட வெட்டிய புல்வெளி, வாசலில் இரண்டு கார், சுவர் நிறைய பேரப்பிள்ளைகளின் படங்கள். ஒருநாள் மாத்திரைப் பெட்டியை நிரப்பும்போது எண்ணிக்கை இடித்தது. சமையலறை இழுப்பறையைத் திறந்தால் காய்கறிக் கத்தி, அதன் முனையில் வெள்ளைத் தூள். மனைவி மாத்திரைகளைப் பாதியாக நறுக்கி, ஒரு மாதத்து மருந்தை இரண்டு மாதம் ஓட்டிக்கொண்டிருந்தார். விலை கட்டுப்படியாகவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “என் பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவிடாதே அம்மா” என்றார்.

பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மருத்துவரிடம் சொன்னேன். விலை குறைந்த வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை போனபோது இழுப்பறையில் கத்தி சுத்தமாக இருந்தது.