பழைய காந்தப் பதிவுத்தாள்: காந்தப்புயல் நாளில் கோடு காணாமல் போகிறது, என்ன செய்ய?

வளைகோடு:
1880களில் புகைப்படத் தாளில் பதிவான பூமிக் காந்தப்புலக் கோடுகளின் ஸ்கேன் படங்கள் கொஞ்சம் கையில் இருக்கின்றன. கோட்டைத் தொடர்ந்து போய் எண்ணாக மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதினேன். அமைதியான நாட்களில் அழகாக வருகிறது, காந்தப்புயல் நாளில்தான் (சூரியச் சீற்றத்தால் பூமிக் காந்தப்புலம் குலுங்கும் நாள்) கோடு மங்கி அறுந்துபோகிறது, போதாக்குறைக்கு மறுநாள் கோடு வேறு அதே தாளில் குறுக்கே ஓடுகிறது. பேசாமல் அச்சான ஆண்டறிக்கையில் உள்ள மணிச் சராசரிகளை வைத்தே ஒப்பேற்றிவிடலாமா?

பழந்தாள்:
புயலுக்கு அது ஆகாது. 1859 செப்டம்பர் 2 அன்று பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் கிடைக்கூறு, அதாவது காந்தப்புலத்தின் கிடைமட்டப் பகுதி, சுமார் 1600 நானோடெஸ்லா (காந்தப்புல அலகு) சரிந்தது, மணிச் சராசரி எடுத்தால் அதில் பாதிதான் மிஞ்சும். இன்னொரு வேடிக்கை, லண்டன் பக்கம் கியூ ஆய்வகத்தில் புகைப்படக் கருவியே இருந்தது, ஆனால் கோடு தாளை விட்டு வெளியே போய்விட்டது; கொலாபாவில் ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்த்து எழுதியதால் அந்த எண் நமக்குக் கிடைத்தது. உங்கள் கோடு மங்குவதற்கும் காரணம் உண்டு. காந்தத்தில் ஒட்டிய கண்ணாடி விளக்கொளியைச் சுழலும் தாளில் வீசுகிறது, காந்தம் வேகமாக ஆடும்போது ஒளி ஓரிடத்தில் நிற்பதில்லை, தாளில் சரியாகப் பதிவதும் இல்லை. அந்த இடத்தை நிரல் தாண்டிப் போனால் புயலின் உச்சத்தையே தூக்கி எறிகிறீர்கள். அங்கே மட்டும் கையால் புள்ளி வையுங்கள்.

திசைமானி:
இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? செயற்கைக்கோள்கள் இருக்கின்றனவே.

பழந்தாள்:
அவை வந்து எத்தனை வருடம்? தரை ஆய்வகங்களின் அளவுகளை வைத்துப் புயலின் வலிமையைச் சொல்லும் டிஎஸ்டி குறியீடே 1957இலிருந்துதான். அதில் மிகப் பெரியது கனடாவின் கியூபெக் மின்சாரமின்றி இருண்ட 1989 மார்ச் புயல், -589 நானோடெஸ்லா. அதைவிடப் பெரியது எவ்வளவு அடிக்கடி வரும் என்று கேட்டால் பழைய தாளிடம்தான் போக வேண்டும்.

முள்நடுக்கம்:
கோட்டை எடுத்தாலும் கிடைப்பது வெறும் மில்லிமீட்டர்தானே. ஒரு மில்லிமீட்டருக்கு எவ்வளவு, அடிக்கோட்டு மதிப்பு (கோட்டை அளக்கத் தொடங்கும் அடிக்கோடு குறிக்கும் புல அளவு) எவ்வளவு, அறை வெப்பநிலை என்ன, எல்லாம் பதிவேட்டில்தான் இருக்கும். பழைய பிரிட்டிஷ் அலகு வந்தால் ஒன்றுக்குச் சுமார் 4611 நானோடெஸ்லா. நேரத்தையும் பாருங்கள், அந்த நூற்றாண்டில் சில ஆய்வகங்கள் உள்ளூர் நேரத்தை விட்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர நேரத்தில் எழுதின. எனக்கு இதில் ஒரு மாதம் போனது. தாளின் ஓரத்தில், பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

வளைகோடு:
ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்தது. கோடு மட்டும் போதும் என்று எல்லாப் படத்திலும் அதை வெட்டிவிட்டேன். மூலப் படங்களைத் தேடப் போகிறேன்.