கூரைக்குக் கீழே மசாலா, நாட்டு மருந்துச் சரக்கு பார்த்து வாங்குறது: நம்ம குற்றாலம், செங்கோட்டைப் பக்கத்து அனுபவங்கள்

மாசி, பங்குனியில புது மிளகாய் வத்தலும் மல்லியும் வந்து இறங்கும். வருஷத்துக்கு வேண்டிய பொடி திரிக்கிறவங்க அப்பவே எடுத்துடுறது நல்லது. சாரல் ஆரம்பிச்ச பிறகு வாங்கினா ஈரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கணும்.

கடை வாசல்ல குவிச்சு வச்சிருக்கிற வத்தலைப் பார்த்து விலை பேசாதீங்க. வெளிச்சம் பட்டு மேல் வரிசை வெளுத்துப் போயிருக்கும். உள்ளே இருக்கிற சாக்கை அவிழ்க்கச் சொல்லி, கையை முழங்கை வரைக்கும் விட்டு அடியிலிருந்து எடுங்க. குண்டு வத்தலைக் காதுகிட்ட ஆட்டினா விதை கலகலன்னு கேட்கணும். நீள வத்தலை மடக்கினா ஒடியணும். வளைஞ்சு திரும்ப நிமிர்ந்தா ஈரம் இருக்குன்னு அர்த்தம், எடை நிக்கத் தண்ணி தெளிச்சிருக்கலாம். காம்புப் பக்கம் கிள்ளி ரெண்டு மூணைப் பிரிச்சுப் பாருங்க. உள்ளே சாம்பல் நிறத்துல தூள் இருந்தா பூசணம். அந்தச் சாக்கே வேண்டாம். கழுவிக் காயவச்சாலும் அந்த நஞ்சு போகாது.

கடையோட கூரையையும் பார்க்கணும். தகரத்துக்குக் கீழே மத்தியான வெக்கையில ஏலம், கிராம்பு, பட்டையோட வாசம் மாசக்கணக்குல ஆவியாப் போயிட்டே இருக்கும். ஓட்டுக் கூரையும், சாக்குக்கு அடியில பலகையும் இருக்கிற பழைய கடைகள்ல சரக்கு கெடாம நிக்குறது அதனாலதான்.

*

மேலே வத்தல் பத்தி அண்ணாச்சி சொன்னதோட நல்லமிளகையும் சேர்த்துக்கோங்க. காய்ஞ்ச நல்ல மிளகு ஒரு லிட்டர் அளவுக்கு 500 முதல் 550 கிராம் நிக்கும். ரொம்பக் குறைஞ்சா உள்ளே ஒண்ணுமில்லாத பொக்கு அதிகம். தண்ணியில ஒரு பிடி போட்டு, மிதக்கிறதெல்லாம் பப்பாளி விதைன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. முத்தாமப் பறிச்ச மிளகும் மிதக்கும். உருவத்தைப் பாருங்க: பப்பாளி விதை நீள்வட்டமாச் சுருங்கி, பச்சை கலந்த பழுப்பா இருக்கும். மிளகு ரொம்பப் பளபளத்து, தேய்ச்சா மண்ணெண்ணெய் வாடை அடிச்சா எண்ணெய் பூசினது.

கிராம்பை நகத்தால அழுத்தினா எண்ணெய் கசியணும். தண்ணியில போட்டா மூழ்கணும், இல்லைன்னா மொட்டு மேல பார்த்து நிமிர்ந்து நிக்கணும். படுத்து மிதந்தா எண்ணெயை வடிச்சு எடுத்துட்டு வித்த சக்கை.

கிராம்பு இந்தியாவுக்குள்ள வந்ததே நம்ம குற்றாலத்துக்குத்தான். 1800 வாக்குல கிழக்கிந்தியக் கம்பெனி தன்னோட குற்றாலத் தோட்டத்துல நட்டுப் பார்த்துச்சு. அது பிடிச்ச பிறகுதான் நாகர்கோவில் மலைப் பக்கம் பரவுச்சு. 2021-ல கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. எண்ணெய்ச் சத்து கூடின சரக்கு அது, கேட்டு வாங்குங்க. மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரள மிளகும் சுக்கும் ஆரியங்காவுக் கணவாய் வழியாத்தான் செங்கோட்டைக்கு இறங்கும். 1904-ல அந்த வழியில ரயில் வந்துச்சு. செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்த ஊருங்கிறதையும் நினைச்சுப் பாருங்க, இந்தக் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு நெருக்கம்னு புரியும்.

*

நாட்டு மருந்துச் சரக்கு பத்தி: பழைய சீட்டுல 'பலம்'னு இருந்தா 35 கிராம்னு எடுங்க. பிள்ளை பெத்தவங்களுக்குக் கிண்டுற லேகியத்துக்கு அரிசித் திப்பிலி வேற, கண்டந்திப்பிலி வேற. முதலாவது காய், ரெண்டாவது வேர். ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போடக் கூடாது.

நிலாவாரை நம்ம மண்ணோட சரக்கு. வெளிநாட்டு வியாபாரத்துல 'டின்னவெல்லி (திருநெல்வேலி) சென்னா'ன்னு ஊர்ப் பேரோடவே போகுது, தூத்துக்குடித் துறைமுகம் வழியா. நிழல்ல உலர்ந்த இலை மஞ்சள் கலந்த பச்சையா, முழுசா இருக்கும். கறுத்திருந்தா குவியல்ல ஈரத்தோட வெந்தது. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்துதான், ஆனா தினமும் குடிக்கிற சரக்கு இல்ல. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வைத்தியரைக் கேட்காமத் தொடவே வேண்டாம்.

*

மசாலாப் பொடி திரிக்கப் போறவங்களுக்கு: சரக்கை மிஷினுக்குக் கொண்டு போறதுக்கு முந்தி ரெண்டு நாள் வெயில் காட்டி, நிழல்ல ஆறவிடுங்க. நமக்கு முந்தி என்ன ஓடுச்சுன்னு கேளுங்க; சீயக்காய் ஓடியிருந்தா காத்திருந்து, ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டச் சொல்லுங்க. பொடியைச் சூட்டோட டப்பாவுல அடைச்சா மூடியில வேர்த்து, மூணாம் நாள் கட்டி தட்டும். தாம்பாளத்துல பரப்பி, தொட்டா குளிர்ந்திருக்கும்போது அடைங்க. பெருங்காயத்தை மிஷின்ல சேர்க்காம, குழம்பு வைக்கும்போது போட்டுக்கோங்க.