இறுதிச் சடங்கு ஏற்பாட்டை இப்போதே முடித்து வைப்பது எப்படி? (காட்பாடி)

காட்பாடிவாசி:
வயது 71. வீட்டில் நானும் மனைவியும்தான், பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். கண், உடல் இரண்டையும் தானம் கொடுக்க ஆசை. முடியாமல் போனால் எரிவாயு தகனமேடை போதும். உயிலில் எழுதிவிட்டால் சரியாகிவிடுமா?

பாலாற்றங்கரை:
உயிலில் வேண்டாம் ஐயா. கருமாதி முடிந்த பிறகுதான் அதைப் பிரிப்பார்கள். தனித்தாளில் ஒரே பக்கமாக எழுதுங்கள்: தானமா தகனமா, சடங்கு எவ்வளவு, யாருக்கு முதல் போன், ஆதார் நகல் எங்கே. ஒரு படி வீட்டம்மாவிடம், ஒன்று பக்கத்து வீட்டில். பீரோவுக்குள் பூட்ட வேண்டாம். பிள்ளைகளுக்குப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

வீட்டில் உயிர் பிரிந்தால், கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டர்தான் இறப்புக் காரணம் எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் தானமும் நடக்காது, மயானத்திலும் நிறுத்திவிடுவார்கள். அதனால் அக்கம்பக்கத்து டாக்டர் ஒருவரிடம் இப்போதிருந்தே தொடர்ந்து காட்டி வாருங்கள். முக்கால்வாசி வீடுகள் திண்டாடுவது இங்கேதான். மாநகராட்சியில் 21 நாளுக்குள் இறப்பைப் பதிந்தால் கட்டணம் கிடையாது.

அடுக்கம்பாறை:
கண்ணுக்குக் கெடு, உயிர் பிரிந்ததிலிருந்து 6 மணி நேரம். சர்க்கரை, பிரஷர், கண்புரை ஆபரேஷன் எதுவும் தடையில்லை. ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்த வேண்டும். ஃபேன் ஓடினால் கருவிழி காய்ந்துவிடும். வேலூர் ஆரணி ரோடு ஷெல் கண் மருத்துவமனையில் இப்போதே விசாரித்து நம்பரைச் சுவரில் ஒட்டுங்கள்.

உடலுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, பாகாயம் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) இரண்டிலும் உடற்கூறியல் துறையில் கேளுங்கள். படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டாலும், அன்றைக்குக் குடும்பம் மறுத்தால் உடலை எடுக்க மாட்டார்கள். போஸ்ட்மார்ட்டம் ஆன உடல், மஞ்சள் காமாலைக் கிருமி, எச்ஐவி, காசநோய் இருந்த உடல் வேண்டாம் என்பார்கள். ஆகவே தகனத்தையும் தாளில் எழுதியே தீர வேண்டும்.

காட்பாடிவாசி:
நன்றி. பிள்ளைகள் வந்து முகம் பார்த்த பிறகு உடலைக் கொடுக்கலாமா?

அடுக்கம்பாறை:
அங்கேதான் சிக்கல். உடல் கெடுவதற்குள் பதப்படுத்தியாக வேண்டும், சில மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொல்வார்கள். இரண்டு நாள் காத்திருப்பு ஒத்துவராது. வீடியோவில் பார்த்தால் போதும் என்று பிள்ளைகளையே இப்போது சொல்ல வையுங்கள். அதற்கு மனம் வரவில்லை என்றால் கண் மட்டும் தானம், பிறகு தகனம் என்று முடிவெடுங்கள். அதுவும் பெரிய கொடைதான்.

சேண்பாக்கத்தான்:
தகனம் என்றால் இரண்டு விஷயம். நெஞ்சில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் எழுதி வையுங்கள். எடுக்காமல் உள்ளே வைத்தால் சூட்டில் பேட்டரி வெடிக்கும், தகனமேடையும் சேதமாகும். சென்ட் பாட்டிலும் கூடவே போகக் கூடாது.

ஃப்ரீசர் பாக்ஸை வந்தவுடன் பிளக்கில் மாட்டிக் குளிரவிட்டு அப்புறம் உடலை வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் திறந்து காட்டினால் குளிர் நிற்காது. பாக்ஸில் வைப்பதற்குமுன் கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கைகால் நீட்டி, மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். 2, 3 மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும், பிறகு நேராக்குவது கஷ்டம்.

பணம் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் அன்றைக்கு அம்மா கையில் காசிருக்காது. வங்கிக் கணக்கை ‘எய்தர் ஆர் சர்வைவர்’ (இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் போனாலும் மற்றவர் எடுக்கலாம்) என்று இருவர் பெயருக்கும் மாற்றுங்கள், இந்த வாரமே.