கலைச்சொல்: ‘க்ளங்க்’ சத்தம், ‘ஆக்ஸில்’, ‘சிவி ஜாயின்ட்’ – வேலூரிலிருந்து ஒரு மறுமொழி

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் வரும் ‘க்ளங்க்’ சத்தத்துக்கு ‘மோதொலி’ என்றும், ‘ஆக்ஸில்’ என்பதற்குப் ‘பின் இருசு’ என்றும் போன மடலில் வந்த பரிந்துரைகளைப் படித்தேன். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. இது ஐடிஐ மாணவர்களுக்கான கையேடு. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பவனுக்கு எங்கே கை வைப்பது என்று சொல்லே கொஞ்சம் வழி காட்ட வேண்டும்.

> மோதொலி: இரு உலோகப் பாகங்கள் மோதுவதால் எழும் ஒலி

வண்டி விஷயத்தில் மோதல் என்றாலே விபத்துதான். ‘பின்பக்க மோதொலி’ என்று எழுதினால், பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது என்றுதான் மாணவன் நினைப்பான். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சத்தம் ஒரே ஒரு முறை வருகிறதா, விடாமல் வருகிறதா என்பதை அந்தச் சொல் காட்டவில்லை. கோளாறைக் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான்.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் பட்டறை. பெங்களூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்துக்குப் போகிற வண்டிகள் இந்த வழியாகத்தான் போகும். அப்படி அண்மையில் வந்து நின்றது இருவர் அமரும் கார் ஒன்று. எஞ்சின் முன்னால், இயக்கம் பின்சக்கரங்களுக்கு. ஓட்டிவந்தவர் சொன்னது இதுதான்: “பள்ளிகொண்டா டோல்ல வண்டிய எடுக்கும்போது ஒரு தடவை லொடக்குன்னுது. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா இன்னொரு தடவை. நடுவுல ஒண்ணும் இல்ல.”

இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் வந்தால் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ், ஷாக் அப்சர்பரின் மேல்பிடி, ஸ்டெபிலைசர் லிங்க் என்று தேடலாம். சக்கரம் சுற்றச் சுற்ற வேகத்தோடு கூடினால் பேரிங்கைப் பார்க்கலாம். இழுவை திரும்பும் கணத்தில் மட்டும் ஒற்றையாக வந்தால், கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எங்கேயோ தேய்மானம் இடம் கொடுத்திருக்கிறது. மிதிக்கும்போது பாகங்கள் அந்த இடைவெளியைக் கடந்து ஒருபக்கம் போய் முட்டும். காலை எடுத்தால் மறுபக்கம் வந்து முட்டும்.

அதனால் என் பரிந்துரை ‘லொடக்கு’. ‘லொடலொட’ என்பது இரட்டைக்கிளவி. விடாமல் ஆடுவதைச் சொல்கிறது. ‘லொடக்கென்று’ என்றால் ஒரே முறை. இந்த வேறுபாடு ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது, நாம் செய்ய வேண்டியது அதை வரையறுத்துக் கையேட்டில் ஏற்றுவதுதான். இழுவை மாறும்போது வரும் ஒற்றைச் சத்தம் லொடக்கு. மேடுபள்ளத்தில் தொடர்ந்து வருவது லொடலொடப்பு. சக்கரச் சுற்றோடு டிக் டிக் என வருவது சொடுக்கல். பேரிங் தேய்ந்தால் உறுமல். இரு பின்சக்கரங்களுக்கும் இயக்கத்தைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள் கத்தினால் ஊளை. பட்டறையில் தினமும் புழங்கும் சொற்களிலிருந்து எடுத்தவைதான் இவை.

சொடுக்கல் பற்றி ஒரு எச்சரிக்கையைக் கையேட்டில் சேர்த்தே ஆக வேண்டும். நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக ஓட்டி, சொடுக்கல் வந்தால் வெளிப்பக்க சிவி ஜாயின்ட் (கோணத்திலும் சீரான வேகத்தில் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) போய்விட்டது என்று முடிவு கட்டுவது எல்லா மெக்கானிக்குக்கும் பழக்கம். பின்சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் காரில் இந்தச் சோதனை உதவாது. பின்சக்கரம் திரும்புவதில்லை, சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் அளவுக்குத்தான் மூட்டின் கோணம் மாறும். தேய்ந்த மூட்டு அங்கே லொடக்காகவோ, பாரத்தில் மிதிக்கும்போது உதறலாகவோதான் தன்னைக் காட்டும்.

அந்தக் காரில் நாங்கள் செய்த சோதனை எளிது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விட்டு, கியரில் போட்டோம். டிஃபரன்ஷியல் ஃபிளேஞ்சில் (போல்ட் பூட்டும் வட்டத் தட்டு) தொடங்கி உள்மூட்டு, தண்டு, சக்கரத்தை ஒட்டிய வெளிமூட்டு வரை ஒரே நேர்கோடாகச் சாக்பீஸால் கிழித்தோம். மறுபக்கச் சக்கரத்தைப் பையன் பிடித்துக்கொள்ள, இந்தப் பக்கச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினோம். தண்டும் வெளிமூட்டும் ஒன்றாகவே அசைந்தன, அங்கே கோடு கலையவில்லை. உள்மூட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் கோடு ஒரு விரல்நகம் அகலத்துக்கு விலகி விலகிச் சேர்ந்தது. மூட்டின் மேல் விரலை வைத்தால் முட்டுவது விரலுக்கே தெரிந்தது. ரப்பர் பூட் மடிப்பில் கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, உள்ளே மண் போயிருந்தது. ஃபிளேஞ்சும் ஒரு துளி ஆடத்தான் செய்யும். கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையில் விட்டிருக்கும் இயல்பான ஆட்டம் அது. அதைக் கோளாறு என்று நினைத்து டிஃபரன்ஷியலைப் பிரித்துவிடக் கூடாது என்பதையும் மாணவனுக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ‘ஆக்ஸில்’. மாட்டுவண்டியில் இருசு சுற்றாது. பாரத்தைத் தாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும், சக்கரத்தின் நடுவில் உள்ள குடம்தான் அதன் மேல் சுற்றும். இந்தக் காரில் நாம் மாற்றிய பொருளோ சுற்றிக்கொண்டே இருப்பது. டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குத் திருப்புவிசையைக் கொண்டுபோவது. அதற்கு இருசு என்று பெயர் வைத்தால் வேலையே தலைகீழாகிவிடும். ‘அச்சு’ என்றும் வேண்டாம், கணக்குப் புத்தகத்தில் மாணவன் அதை வேறு பொருளில் படித்துவிட்டு வருகிறான். பக்கத்துக்கு ஒன்றாக இருப்பதால் ‘பக்கத்தண்டு’ என்று வைக்கலாம். ஹப்புக்குக் ‘குடம்’ என்ற வண்டிக்காரர் சொல்லையே அப்படியே எடுத்துக்கொள்வோம்.

சிவி ஜாயின்ட்டுக்கு முன்பே வந்த ‘மாறாவேக மூட்டு’ எனக்குப் பிடித்திருக்கிறது. சிலுவை வடிவத் துண்டால் இணைந்த சாதாரண கிராஸ் ஜாயின்ட் ஒன்றைக் கோணத்தில் ஓட்டினால், உள்ளே வருவது சீரான வேகமாக இருந்தாலும் வெளியே போவது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். அந்தக் குறை இதில் இல்லை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. மிதிக்கும்போது அழுத்தம் வாங்கும் பக்கத்துக்கு ‘இழுபக்கம்’, காலை எடுக்கும்போது வாங்கும் பக்கத்துக்கு ‘விடுபக்கம்’. மூட்டின் பள்ளங்களில் இழுபக்கம்தான் முதலில் குழிவிழும். இடமும் வலமும் ஒரே நீளமாக இருக்கும் வண்டிகளில் சிலர் பக்கத்தண்டுகளை மாற்றிப் பூட்டி, தேயாத பக்கத்தில் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவார்கள். ஓடுதளத்துக்குப் போகிற வண்டிக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். இரண்டு தண்டையும் புதிதாகவே போட்டோம்.

– சத்துவாச்சாரி, வேலூர்


தம்பிக்கு,

ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். பஸ் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருசு பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் இரண்டு இடத்தில் உதைக்கிறது. லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. கையேட்டில் தலைச்சொல்லாக ‘லொடக்கு’ என்று போட்டால் தமிழாசிரியர்கள் ஒத்துக்கொள்வார்களா? ‘தட்டல்’ என்று வைத்தால் என்ன? இன்னொன்று, லாரியில் ஆக்ஸில் என்றால் வெளியே தெரியும் அந்த முழுக் கூடும்தான், உள்ளே ஓடுகிற தண்டும்தான். ‘ஆக்ஸில் கட்டாயிடுச்சு’ என்று டிரைவர் சொன்னால் தண்டைத்தான் சொல்கிறார். உங்கள் பக்கத்தண்டு அங்கே எப்படிப் பொருந்தும்?


ஐயாவுக்கு வணக்கம்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், நம் சொல் தாங்குமா என்பதற்கு அதுதான் நல்ல சோதனை. லாரியில் பாரம் முழுவதையும் தாங்குவது கூடு. உள்ளே இருக்கும் தண்டுக்குத் திருப்புவது மட்டும்தான் வேலை. அதனால்தான் சக்கரத்தைக் கழற்றாமல், வெளி ஃபிளேஞ்ச் போல்ட்டை விட்டுத் தண்டை மட்டும் உருவ முடிகிறது; இதை நீங்கள் எத்தனையோ முறை செய்திருப்பீர்கள். ஆக, தாங்கும் கூடு இருசு, உள்ளே இருக்கும் இரண்டும் பக்கத்தண்டு. ஒரே ஆங்கிலச் சொல்லால் வந்த குழப்பம் தமிழில் தீர்ந்துவிடுகிறது.

நடுவே நிற்கும் வண்டி ஒன்று உண்டு. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் இருசுக் கூடே கிடையாது. பக்கத்தண்டே சக்கரத்தின் நிலையையும் பிடித்துக்கொண்டு, உள்முனையில் கிராஸ் ஜாயின்ட்டில் ஊஞ்சலாடும். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே அமைப்புதான். 1972இல் ஸ்டாண்டர்ட் நிறுவனம் கொண்டுவந்த கெஸல் காரில் இதைக் கைவிட்டு, லாரியில் இருப்பதுபோல் கூடுள்ள இருசைப் போட்டார்கள். ஹெரால்டின் தண்டை ‘தாங்கு பக்கத்தண்டு’ என்று அடைமொழி சேர்த்துச் சொல்லிவிடலாம்.

லகரம் பற்றி: ‘தட்டல்’ எஞ்சின் நாக்கிங்குக்குத் தேவைப்படும், அங்கேதான் அது பொருத்தமும்கூட. ‘கடக்கு’ என்றால் கடப்பது நினைவுக்கு வரும். ‘தொடக்கு’, ‘மடக்கு’ எல்லாம் வேறு பொருளில் இருக்கின்றன. ஒலியைப் போலச் செய்யும் சொல்லுக்கு மொழிமுதல் விதியில் நெகிழ்வு கொடுப்பது தவறில்லை என்பது என் உறுதியான எண்ணம். வேலூரில் ஒரு டிரைவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே கையேட்டிலும் இருந்தால்தான் மாணவன் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பான். ஆசிரியர்களுக்காக, இந்த ஒலிகள் எல்லாவற்றுக்கும் பொதுத் தலைப்பாகத் ‘தளர்வொலி’ என்று வைத்து, அதன் கீழ் லொடக்கையும் லொடலொடப்பையும் தரலாம்.

மாற்றும் பகுதிக்கு எழுதிய பத்தியையும் ஒருமுறை பாருங்கள்:

“சக்கரம் தரையில் இருக்கும்போதே குடத்து நட்டைத் தளர்த்து. தூக்கிய பிறகு சஸ்பென்ஷனின் மேல்கையை விடுவித்துக் குடத்தைச் சாய். நட்டை மரைநுனிக்குச் சமமாக வைத்து, மென்சுத்தியலால் தட்டிப் பக்கத்தண்டைத் தள்ளு. தண்டைப் பிடித்து இழுக்காதே, உள்மூட்டு பிரிந்துவிடும். மூட்டின் உடலைப் பிடி. டிஃபரன்ஷியலுக்குள் செருகிய வகையானால் முதலில் எண்ணெயை வடித்துவிடு, ஆயில் சீலையும் லாக் வளையத்தையும் புதிதாகப் போடு. புதுக் குடத்து நட்டை டார்க் ரெஞ்சால் அந்த வண்டிக்குக் கொடுத்த அளவுக்கே இறுக்கு. பல வண்டிகளில் அது 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். பிறகு நட்டின் விளிம்பைத் தண்டின் பள்ளத்துக்குள் அடித்து மடி. புஷ் இருக்கும் போல்ட்டுகளைக் கடைசியாக, வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.”

ரப்பர் பூட்டுக்கு ‘மூட்டுறை’ போதும் என்று நினைக்கிறேன். தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய வரிப்பள்ளங்களான ஸ்ப்ளைனுக்குப் பட்டறையில் ‘பல்லு’ என்றுதான் சொல்கிறோம், ஆனால் கியர் பல்லோடு குழம்புகிறது. அதற்குத்தான் நல்ல சொல் கிடைக்கவில்லை. உங்கள் பட்டறையில் வேறு பெயர் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள் ஐயா, அன்று மாலை இந்த அத்தியாயத்தை வடிவமைப்புக்கு அனுப்புகிறேன்.