குர்கானில் கேட்டட் சொசைட்டி: அம்மாவை அழைத்துப் போகலாமா?

வடபழனிக்காரன்:
ஆபீஸில் குர்கானுக்கு மாற்றல் போட்டுவிட்டார்கள், மார்ச்சில் கிளம்ப வேண்டும். கோல்ஃப் கோர்ஸ் ரோடு பக்கம் ஒரு பெரிய சொசைட்டியில் ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்று கேட், சுற்றிலும் கேமரா, உள்ளேயே மருந்துக்கடை. டெல்லி பக்கம் என்றாலே வீட்டில் பயம், அதனால்தான் வாடகை கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று இதைப் பிடித்தேன். அம்மாவுக்கு 68 வயது, இந்தியில் 'நஹி' தவிர எதுவும் தெரியாது. அவருக்குப் பொழுது போகுமா? 2015 மாடல் டீசல் கார் ஒன்று இருக்கிறது, அதையும் கொண்டு வரலாமா?

செக்டர்வாசி:
2014-லிருந்து இங்கே இருக்கிறேன். உள்ளே பயமே வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கு என் பெண் தனியாக சைக்கிள் விட்டுக்கொண்டிருப்பாள், யார் வந்தாலும் கேட்டிலிருந்து போனில் கேட்டு நீங்கள் சரி என்றால்தான் விடுவார்கள். தொல்லை எல்லாம் கேட்டுக்கு வெளியேதான். 1980-களிலிருந்து தனியார் பில்டர்கள் காலனி காலனியாகக் கட்டி எழுப்பிய ஊர் இது. காலனிக்குள் ரோடு பளபளவென்று இருக்கும், இரண்டு காலனிக்கு நடுவில் நடைபாதைகூட இருக்காது. 2016 ஜூலையில் ஒரு மழைக்கு ஹைவேயே குளமாகி ராத்திரி முழுக்க வண்டிகள் நின்றன, அதில் ஒன்றில் நானும் உட்கார்ந்திருந்தேன். அம்மா காலாறக் கடைத்தெருவுக்குப் போய் வருகிறவர் என்றால் அந்தப் பழக்கம் இங்கே போய்விடும், எதற்கெடுத்தாலும் வண்டிதான்.

இன்னொன்று, ஃப்ளாட் பார்க்கும்போது மீட்டரைப் பாருங்கள். பெரும்பாலும் ப்ரீபெய்ட், ஒரே மீட்டரில் இரண்டு கணக்கு ஓடும். கரண்ட் போனதும் ஜெனரேட்டர் கணக்குக்கு மாறிவிடும், அதன் யூனிட் விலை தனி, நன்றாகவே அதிகம். ஏசி நிற்காததால் நமக்குத் தெரியவே தெரியாது, ரீசார்ஜ் காலியாகும்போதுதான் தெரியும்.

புகைமூட்டம்:
காரை அங்கேயே விற்றுவிடுங்கள். உங்களுடையது பிஎஸ்4, அதாவது பழைய புகை அளவு விதிப்படி செய்த வண்டியாகத்தான் இருக்கும். குளிர்காலத்தில் காற்று மோசமாகி ஜிராப் (காற்று மாசு கூடக் கூடக் கட்டம் கட்டமாகக் கட்டுப்பாடு போடும் திட்டம்) மூன்றாம் கட்டம் அறிவித்தால் டெல்லியிலும் குர்கானிலும் பிஎஸ்4 டீசல் கார்களுக்குத் தடை. போதாததற்கு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் ஹரியானா பதிவுக்கு மாற்ற வேண்டும். அந்தப் பணத்தில் அம்மா அறைக்கு ஒரு ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாம். தீபாவளியை ஒட்டி ஆரம்பித்தால் ஜனவரி வரை அது ஓடிக்கொண்டே இருக்கும், எவ்வளவு பெரிய கேட் போட்டாலும் புகை கேட்டுக்கொண்டா வரும்?

வடபழனிக்காரன்:
மீட்டர் விஷயம் யாருமே சொல்லவில்லை, நன்றி. கார் விஷயம் முடிந்தது. அம்மா கேட்கிற ஒரே கேள்வி, பக்கத்தில் கோயில் இருக்கிறதா?

மூன்றாவதுமாடி:
டெல்லி ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் இருக்கிறது, நம் சுவாமிநாத சுவாமி கோயில். ரேபிட் மெட்ரோவில் சிக்கந்தர்பூர், அங்கிருந்து மஞ்சள் லைனில் ஹோஸ் காஸ், மாறி மெஜந்தா லைனில் வசந்த் விஹார், அப்புறம் ஒரு ஆட்டோ. என் மாமியார் இரண்டாவது மாதமே தனியாகப் போய் வந்துவிட்டார். மொழியும் வந்துவிடும், அவர் எங்கள் வீட்டில் வேலை செய்கிற வங்காளத்துப் பெண்ணிடம்தான் இந்தி கற்றுக்கொண்டார், இரண்டு பேர் இந்தியும் ஒரே லட்சணம். எனக்கு இங்கே பிடிக்காதது ஒன்று உண்டு. வேலைக்கு வருகிறவர்கள் வெளியே போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும், நாம் ஏதாவது கொடுத்தால் சொசைட்டியின் மொபைல் ஆப்பில் பதிவு செய்தால்தான் வெளியே விடுவார்கள். ஒரு நாள் மாமியார் தன் பழைய சுங்குடிப் புடவையைக் கொடுத்திருக்கிறார், எனக்குத் தெரியாது, கேட்டில் நிறுத்திவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் வீட்டுச் செருப்போடே இறங்கிப் போய், "மேரா சாடி, மைனே தியா" (என் புடவை, நான்தான் கொடுத்தேன்) என்று சத்தம் போட்டு, அந்தப் பெண்ணை மெயின் ரோடு வரை கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார். இப்போது வாட்ச்மேன்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.