குவார்ட்ஸ் சமையல் மேடை மங்கிப்போனால்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குடிவந்த வீட்டில் அடர் சாம்பல் நிறக் குவார்ட்ஸ் மேடை. அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவில் மட்டும் பளபளப்பே இல்லை, வெள்ளை பூத்த மாதிரி இருந்தது. பார்க்க வந்த பாலிஷ்காரர், "பாலிஷ் போயிடுச்சு, மெஷின்ல தேய்ச்சு சீலர் அடிச்சாதான் சரியாகும்" என்றார். சீலர் என்பது கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி அடைக்கும் பூச்சு. அதைச் சொன்னதுமே எனக்குச் சந்தேகம். இது இயற்கைக் கல் கிடையாது. குவார்ட்ஸ் தூளையும் துகளையும் எடையில் சுமார் 90 சதவீதம் எடுத்து, ரெசினும் (பிளாஸ்டிக் மாதிரியான பசை) நிறமியும் கலந்து அழுத்திச் செய்த பலகை. தண்ணீரே உள்ளே இறங்காது, சீலர் எங்கே இறங்கும்? மேலேயே படலமாக நின்று அதுவும் மங்கலாகத்தான் தெரியும்.

அவரை அனுப்பிவிட்டு ஒரு மூலையில் சோதித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்ததும் பிசுபிசுப்பு கொஞ்சம் விட்டது. அப்புறம் அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தேன். அதன்மேல் தண்ணீர்த் துணி, கடைசியில் காய்ந்த மைக்ரோஃபைபர் துணி. உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்று ஆகிவிட்டது! காய்ந்து படிந்த பாத்திர சோப்பும் எண்ணெயும்தான் அத்தனை நாளும் பாலிஷை மூடியிருந்திருக்கின்றன.

இப்போது தினமும் துடைக்க ஓரிரு சொட்டு சோப்புதான். சோப்பைவிட அதை எடுப்பதற்குத்தான் மெனக்கெடுகிறேன். காய்ந்த துணியால் துடைக்காமல் விட்டால் கோடு கோடாகத் தெரியும், அடர் நிறத்தில் இன்னும் மோசம். பச்சை ஸ்கிரப்பர், ப்ளீச், ஓவன் கிளீனர் எதையும் மேடைப் பக்கம் கொண்டுவருவதில்லை.

மறுமொழி:

எங்கள் மேடையில் இருப்பது ஆல்கஹாலுக்கெல்லாம் அசையாது. உறவினர் ஒருவர் அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக மேடையில் வைத்துவிட்டார். மஞ்சளாக ஒரு வட்டம். குவார்ட்ஸ் சூட்டைத் தாங்கும், அதைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் தாங்காது. சுமார் 150 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே ஆபத்துதான். கத்தியால் கீறிக் காட்டி விற்பவர்கள் இதைக் காட்டுவதில்லை. அந்த வட்டத்தின் மேல் இப்போது டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறோம், வேறென்ன செய்ய.

மறுமொழி:

குழாயைச் சுற்றி மட்டும் வெள்ளையாக இருந்தால் அது உப்புத்தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்பு. ஆல்கஹாலுக்குப் போகாது. தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்துச் சில நிமிடம் போட்டு வைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினால் வந்துவிடும். உடனே நன்றாக அலசிவிடுங்கள், வினிகரை ஊறவிட வேண்டாம்.

மறுமொழி:

மெஷின் போடாமல் விட்டது ரொம்ப நல்லது. வீட்டில் வைத்துத் தேய்த்தால் தொழிற்சாலைப் பாலிஷ் மாதிரி திரும்ப வருவது கடினம், திட்டுத் திட்டாக நின்றுவிடும். தண்ணீர் விடாமல் தேய்த்தால் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். பலகை அறுப்பவர்களுக்கு அந்தத் தூசியால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்ததால் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் இந்த வகைப் பலகைக்கே தடை. போட்டு முடித்த மேடையில் சமைப்பதால் ஒன்றும் ஆகாது, அறுப்பதும் தேய்ப்பதும்தான் பிரச்சினை.

மறுமொழி:

மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத மேடை) வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்களுடையதில் கைரேகைகூட அப்படியே தெரிகிறது. ஆல்கஹாலுக்குப் போகிறது, மறுநாளே திரும்ப வந்துவிடுகிறது.